இரண்டு ஓமும் ஒரு காரும்

அப்பாவின் காரை விற்றது நான்தான். அவர் விற்கச் சொன்னார், விற்றேன் என்று எட்டு மாதத்துக்கு மேல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, கேட்காதவர்களுக்கும் வலியப் போய்ச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுக்கும். அதற்காகவே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

அது அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த கார். இரண்டே கதவு. மேற்கூரை துணி, ஒரு பொத்தானை அமத்தினால் முனகிக்கொண்டே பின்னுக்கு மடங்கிப் போகும். நிறம் வெள்ளையா நீலமா என்று எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் முடிவாகவில்லை. வேட்டிக்குச் சொட்டு நீலம் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய மனுரேவாவில், எங்கள் தெரு முழுக்க ஜப்பான் கார்கள் அடக்க ஒடுக்கமாக நிற்க, எங்கள் கராஜுக்குள் மட்டும் இது முன்மூக்கு சுவரில் முட்ட, பின்பக்கம் கதவில் முட்ட, நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

அப்பாவுக்கு மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்குக் கொட்டகையில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றுத் தென்தீவுக்குப் போகும்போது அதை அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அதற்கு முன் இரண்டு வருடமாக மதிய இடைவேளையில் இரண்டு பேரும் அதற்குள் இருந்துதான் சாப்பிட்டார்களாம். அவர் சான்ட்விச், அப்பா புட்டு. சீட்டில் ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் புட்டுச் சாப்பிட்டதால்தான் தனக்குத் தந்தார் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார்.

கார் வீட்டுக்கு வந்த அன்று அம்மா வாசலிலேயே நின்று தலையில் கை வைத்தார்.

"இந்த ஊர் மழைக்குக் கூரை இல்லாத காரோ? உங்களுக்கு என்ன பிடிச்சது?"

அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். "பத்து வருசமா இந்த ரோட்டாலை போய் வாறன். ஒருத்தர் என்னைத் திரும்பிப் பாத்ததில்லை. இண்டைக்கு வரேக்கை ஏழு பேர் கை காட்டினவை, தெரியுமோ?"

அன்றிலிருந்து அது ஒரு கணக்காகிவிட்டது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்வார்: இன்றைக்கு நாலு பேர், இன்றைக்கு ஒன்பது பேர், அதில் ஒருவர் பஸ் டிரைவர். மழை நாளில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு முகம் சற்று வாடியிருக்கும். நான் ஒரே மகள், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முன்பின் தெரியாதவர்கள் கை காட்டுவதில் ஒரு மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். கோயிலில் பூசை போட்டபோது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் கற்பூரத் தட்டோடு வலப்பக்கம் போய் ஸ்டியரிங்கைத் தேடினார். "எங்கை காணேல்லை?" என்று அவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்துக் குலுங்கினார்கள். "கூரையும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை, வேறை என்ன என்ன இல்லாமல் வாங்கினீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பானட்டில் பூசிய சந்தனம் பெயின்டை அரித்துவிடுமோ என்பதுதான் அவர் கவலை.

ஸ்டியரிங் இடப்பக்கம் என்றால் அம்மா வலப்பக்கம். இந்த நாட்டில் டிரைவர் இருக்கிற பக்கம். டிரைவ் த்ரூவில் சாப்பாடு சொல்கிற ஜன்னலும், பார்க்கிங் சீட்டுத் தருகிற இயந்திரமும் அம்மாவின் பக்கம்தான் வரும். ஆங்கிலம் கதைக்கவே கூசுகிற அம்மா, ஒலிபெருக்கியைப் பார்த்து "த்ரீ சிப்ஸ், நோ மீட், நோ எக்" என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துப் போவார். பின் சீட்டில் இருக்கும் நான் உதவி செய்யலாம். செய்ய மாட்டேன். ஆளே தெரியாமல் சீட்டில் சரிந்து, ஸ்வெட்டர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

ஆம், எனக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை பாதியில் மாட்டி நின்றது. அம்மா பட்டுச்சேலையோடு எழும்பி நின்று, ஓடுகிற காருக்குள் குடையை விரித்தார். குடை மறுபக்கம் மடிந்து போனது. பஸ் தரிப்பில் நின்றவர்கள் எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாட்டை அப்பாவிடம் சொல்லவில்லை. இனிமேல் என்னை ஒரு தெரு தள்ளி இறக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பள்ளி முடியும் வரைக்கும் ஒரு தெரு தள்ளியே இறக்கிவிட்டார். இறங்கின பிறகு நான் திரும்பிக் கை காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சென்ற வருடம் ஜூனில், இங்கே குளிர்காலம் தொடங்குகிற நேரம், ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் காரைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. போய்விட்டது என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒரு சொல் மிஞ்சியது. ஓம்.

எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஓம் என்றால் ஆமாம். அது மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ, விளங்குது, சரி சரி, எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பா போனில் கதைத்தால் அரை மணித்தியாலத்துக்கு ஓம் ஓம் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காது. என் கணவருக்கு ஊர் மதுரை. கல்யாணமான புதிதில், "உங்க வீட்ல எல்லாரும் நாள் பூரா மந்திரம் சொல்லிக்கிட்டே இருக்கீங்களே" என்று கிண்டலடிப்பார். கிண்டல் என்று நினைத்தது ஆஸ்பத்திரியில் நிஜமாகவே நடந்தது.

மூன்றாம் நாள் போனபோது அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரையில் ஓர் அட்டை: பிரார்த்தனை நேரம், தயவுசெய்து அமைதி. அன்பான ஒரு நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் அப்பா எவ்வளவு பக்தியான மனிதர், யார் போனாலும் ஓம் சொல்லித் தியானம் செய்கிறார், நாங்கள் குழப்பாமல் வந்துவிடுகிறோம் என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா ஓம் என்றிருக்கிறார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

நான் விளங்கப்படுத்தியதும் அந்த நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, தண்ணீரோடு ஓடினார். அட்டையைத் திருப்பி, ஓம் என்றால் யெஸ் என்று பெரிய எழுத்தில் நானே எழுதி ஒட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் சிரித்தார், பிறகு அழுதார். நானும் அப்படித்தான்.

ஆனால் அந்த அட்டையும் பாதிதான் சரி என்று அடுத்த வாரம் தெரிந்தது. பேச்சுச் சிகிச்சைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண், நிதானமானவர், என்னையும் அம்மாவையும் இருத்திச் சொன்னார். இப்போது அவருக்கு வருகிற சொல் அது ஒன்றுதான். ஆகையால் வேண்டும் என்றாலும் அதுதான் வரும், வேண்டாம் என்றாலும் அதுதான் வரும். எதையும் இரண்டு பக்கமாகவும் கேளுங்கள். குளிர்கிறதா என்று கேட்டால், சூடாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் யெஸ் என்றால் பதில் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான். வரிக்கு வரி, பிழையில்லாமல் சொன்னேன். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் சக்கர நாற்காலி போகிற அறை வேண்டும். வீட்டு வாசலில் படிகள். உள்ளே நடையெல்லாம் ஒடுக்கம். தரையோடு தரையாக இருந்தது கராஜ் மட்டும்தான். அதற்குள் கார் நின்றது. காரை வேறெங்காவது நிறுத்தி வைத்திருக்கலாம். நானும் கணவரும் இருக்கும் வீடு த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியில். அங்கே முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாம் என்று கணவர் சொன்னார். "மாமா கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அவர்கிட்டயே கேட்டுக்கலாமே. கார் எங்க ஓடிடப் போகுது?" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அம்மா வீட்டுக்கும் அலைகிறவள் நான், இதற்குள் அந்தச் சனியனையும் நான் பார்க்க வேண்டுமா என்று கத்தினேன். அந்தச் சனியன் என்றுதான் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் அப்பாவின் கட்டிலருகே இருந்து கேட்டேன். சிகிச்சையாளர் சொன்னபடியே இரண்டு பக்கமாகவும் கேட்டேன்.

"அப்பா, காரை வைச்சிருப்பமோ?"

"ஓம்" என்றார். சொல்லும்போது இடது முழங்கை மெல்ல எழும்பி, கட்டிலின் கம்பியில் போய்ச் சாய்ந்தது. இந்த நாட்டில் மற்ற எந்தக் காரை ஓட்டினாலும் ஜன்னலில் சாய்வது வலது முழங்கை. இடது முழங்கை சாய்வது அந்த ஒரு காரில்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன்.

"காரை விப்பமோ?"

"ஓம்" என்றார். இந்த முறை கை அசையவில்லை. கண் என் மேலேயே இருந்தது.

இரண்டு ஓம்களில் ஒன்றைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா அடுப்படியில் நின்றார். அப்பா காரை விற்கச் சொல்லிவிட்டார் என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "வடிவாக் கேட்டனியோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, "எங்களுக்காகத்தான் சொல்லியிருப்பார். பாவம் மனுசன்" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் காரைத் திட்டாத நாளில்லை என்றாலும், டிரைவ் த்ரூவில் ஒருவர் உதவியும் இல்லாமல் சாப்பாடு சொல்லப் பழகினதை அம்மா தன் கூட்டாளிகளிடம் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். அம்மாவுக்கும் அது பிரியமான கார்தான். அதையும் நான் கேட்கவில்லை.

வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். விலையில் நான் பேரம் பேசவே இல்லை. கராஜ் காலியானால் போதும் என்றிருந்தது. பத்திரங்களை அப்பாவுக்காக நானே நிரப்பினேன். காரை வெளியே எடுத்ததும் அந்த மனிதர் கூரையை மடக்கினார். தெருமுனையில் திரும்பும் முன் என்னைப் பார்த்துச் சந்தோசமாகக் கை காட்டினார். நான் உள்ளே போய்க் கராஜ் கதவை இழுத்து மூடிவிட்டேன்.

வசந்தம் தொடங்கும்போது அப்பா வீட்டுக்கு வந்தார். கராஜுக்குச் சுவர் வைத்து, தரை போட்டு, ஜன்னல் வைத்து, நல்ல வெளிச்சமான அறையாக்கியிருந்தோம். சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது அப்பா இடம் வலம் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "ஓம்?" என்றார். கேள்வியாக. அவர் எதைக் கேட்கிறார் என்று அந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"வித்தாச்சு அப்பா. நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள். மறந்து போனீங்களோ?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். ஞாபகத்துக்குள் தேடினார். பாரிசவாதம் வந்த மனிதருக்குத் தன் ஞாபகத்தின் மேல் என்ன நம்பிக்கை இருக்கும்? கடைசியில் மெதுவாக, "ஓம்" என்றார். நான் செய்ததிலேயே மோசமானது காரை விற்றது அல்ல. இதுதான்.

அதன் பிறகு சிகிச்சையாளர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். தமிழ் தெரியாது, ஆனால் சில சொற்களை எழுதி வைத்துப் பழகிக்கொண்டார். அப்பாவுக்கு முதலில் வர வேண்டிய சொல் 'இல்லை' என்பதுதான் என்றார். 'இல்லை' வந்தால்தான் ஓமுக்கு மதிப்பு வரும். மாதக்கணக்கில் அதற்காகப் பாடுபட்டார்கள். உதட்டைக் காட்டி, நாக்கைக் காட்டி, கையைத் தட்டி. அப்பா வியர்த்துப் போவார். இந்த வருடம் கோடை முடிகிற நேரம், "தேத்தண்ணிக்கு உப்புப் போடுறதோ?" என்று அம்மா கேட்டபோது, தொண்டையிலிருந்து கல்லைப் பிரட்டுவது போல அந்தச் சொல் வெளியே வந்தது. "இல்லை." அம்மா அழுதுவிட்டார். அன்றைக்குச் சந்தோசத்தில் எங்கள் ஒருவருக்கும் தேத்தண்ணி போட ஞாபகமே வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு சோதனை. பதில் நமக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகளை வீட்டுக்காரரே கேட்க வேண்டும். சரியா பிழையா என்று நாங்கள் சொல்ல, சிகிச்சையாளர் தாளில் குறிப்பார். பெரும்பாலும் சரியாக வந்தால் இனி அப்பாவின் சொல்லை அப்பாவின் சொல்லாகவே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். டாக்டரும்தான், மற்றவர்களும்தான். அதுவரை எங்களைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி அவரையே கேட்பார்கள். அப்பாவுக்கு அது விளங்கியிருந்தது. அன்றைக்குச் சவரம் செய்துவிடச் சொல்லி, கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டினார்.

அம்மா துவைத்த துவாய்களை மடித்துக்கொண்டே கேட்டார். உங்களுக்கு ரெண்டு பிள்ளையளோ? இல்லை. எங்கடை வீடு மனுரேவாவிலையோ? ஓம். நான் உங்களுக்கு அக்காவோ? அப்பா சிரித்தார், இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் சரி என்று சொல்ல, தாளில் வரிசையாகச் சரிக்குறி விழுந்தது.

அம்மாவுக்கு உற்சாகம். லேசாக ஒன்று கேட்டு முடிப்போம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, காரை விக்கச் சொன்னது நீங்கள்தானே?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். வாயைக் கூட்டினார். "இல்லை" என்றார். தெளிவாக, மூன்றெழுத்தும் அழுந்த.

சிகிச்சையாளர் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் கையிலிருந்த துவாயைப் பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டு, தன் ஆங்கிலத்தில், "நோ, நோ. ராங்" என்றார். என் பக்கம் திரும்பி, "பாவம், அதை மறந்து போனார்" என்றார். தாளில் சின்னதாய் ஒரு பிழைக்குறி விழுந்தது. பரவாயில்லை என்று சிகிச்சையாளர் அப்பாவின் கையைத் தட்டினார்.

அப்பா அந்தப் பேனாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப் போனது. "ஓம்" என்றார் அவசரமாக. "ஓம், ஓம்." தன் பிழையைத் தானே திருத்துகிறார் என்று சிகிச்சையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. பிழைக்குறியை வெட்டிவிட்டுச் சரிக்குறி போடப் போனார்.

அது வரைக்கும் நான் சும்மா இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்தச் சரிக்குறி விழுந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிய வந்திருக்காது. "வேண்டாம்" என்றேன், முதலில் ஆங்கிலத்தில். "முதல் சொன்னதுதான் சரி." பிறகு அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அப்பா அண்டைக்கு ரெண்டுக்கும் ஓம் எண்டவர். வைச்சிருக்கவோ எண்டதுக்கும் ஓம், விக்கவோ எண்டதுக்கும் ஓம். நான் ஒண்டைத்தான் உங்களுக்குச் சொன்னனான்."

அம்மா என்னைத் திட்டவில்லை. மடித்துக்கொண்டிருந்த துவாயை மடித்து முடித்தார். அடுத்த துவாயை எடுத்தார்.

சிகிச்சையாளருக்குத் தமிழ் விளங்கவில்லை. சரியான பதிலைத்தான் பிழை என்று சொல்லிவிட்டோம், அப்பா குழம்பியிருப்பார், அதனால் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார். இம்முறை நீங்களே கேளுங்கள் என்றார் என்னிடம்.

நான் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்து கேட்டேன். "அப்பா, காரை விக்கச் சொன்னனீங்களோ?"

அவர் பேனாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இல்லை" என்றார். ஒருவரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னார். "இல்லை."

அருமை, அருமை என்று சிகிச்சையாளர் கை தட்டினார். நீங்களும் தட்டுங்கள், அவருக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். நானும் தட்டினேன்.